துயராற்றுதலும் தடுப்பே: பாஸ்டன் நகரில் இளையோர் துப்பாக்கி வன்முறை

அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் 2020-இல் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. அதுவரை முன்னின்ற சாலை விபத்து பின்னுக்குப் போயிற்று. 2024 ஜூனில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார். ஆனாலும் வன்முறையைத் தடுக்கும் வேலையும் இழந்தவர்களைத் தேற்றும் வேலையும் பெரும்பாலும் தனித்தனித் துறைகளாகவே நடக்கின்றன. முதலாவது பாதுகாப்புக் கணக்கில் வருகிறது. இரண்டாவது கருணைக் கணக்கில் போகிறது. இந்தப் பிரிவினை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கொலை அடுத்த கொலைக்கு வித்தாகும் நகரங்களில் துயராற்றுதலைத் தடுப்புப் பணியின் மையத்தில் வைக்க வேண்டும். இதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. கொன்றவரும் கொல்லப்பட்டவரும்

1990-இல் பாஸ்டனில் 152 பேர் கொல்லப்பட்டனர். கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மட்டபான் பகுதிகளில்தான் அடி பலமாக விழுந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் கென்னடி, ஆந்தனி பிராகா, ஆன் பீல் ஆகியோர் அந்தப் பத்தாண்டின் நடுவில் காவலர்களையும் நன்னடத்தை அலுவலர்களையும், தெருக்களில் இளையோரோடு பழகிப் பணிசெய்யும் தெருப்பணியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, எந்தத் தெருக்கும்பலுக்கு எதனோடு பகை என்று வரைபடம் தயாரித்தனர். அத்தகைய 61 குழுக்களும் சுமார் 1,300 உறுப்பினர்களும் அதில் தேறினர். நகரின் இளையோரில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான இவர்கள், இளையோர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காட்டோடு தொடர்புடையவர்கள். மோதல்களில் பெரும்பாலானவை போதைப்பொருள் வியாபாரத்தால் எழுந்தவை அல்ல; பழைய பகையும் பழிக்குப் பழியுமே அவற்றை நடத்தின.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு போதிய கவனம் பெறவில்லை. கொல்லப்பட்ட இளையோரில் 75 விழுக்காட்டினரும், கொன்றவர்களாக அறியப்பட்டோரில் 77 விழுக்காட்டினரும் முன்பே வழக்கில் சிக்கி நீதிமன்றப் படி ஏறியவர்கள். இரு தரப்பும் ஒரே தெருக்களிலிருந்து, ஏறக்குறைய ஒரே வாழ்க்கையிலிருந்து வந்தவை. பின்னாளில் ஆண்ட்ரூ பாப்பகிறிஸ்டாஸ் குழுவினர் சிகாகோவில் செய்த ஆய்வும் இதையே உறுதிசெய்தது. அந்நகரில் குண்டடிபட்டு உயிர்பிழைத்தோரில் 70 விழுக்காட்டினர், மக்கள்தொகையில் 6 விழுக்காட்டுக்கும் குறைவானோர் அடங்கிய உறவு வலைகளுக்குள் இருந்தனர். இன்று சுடப்பட்டவனின் தம்பியோ தோழனோ நாளை துப்பாக்கி ஏந்தக்கூடும் என்றால், இழவு வீட்டை வன்முறையின் முடிவிடமாகக் கருத முடியாது. அடுத்த வன்முறை கருக்கொள்ளும் இடமும் அதுவாக இருக்கலாம்.

2. அச்சம் ஆயுதமாகும் விதம்

ஒரு கொலையை அடுத்த கொலையோடு இணைப்பது எது? பாஸ்டன் நகர மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஜான் ரிச், குண்டடியும் கத்திக்குத்தும் பட்டுச் சேர்க்கப்பட்ட கறுப்பின இளைஞர்களின் படுக்கையருகே உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டார். அவர் கண்டது உறக்கமின்மை, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், யாரையும் நம்பாமை. காயம் தைக்கப்படுகிறது, சில நாட்களில் அதே தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சுட்டவன் இன்னும் அங்கேதான் திரிகிறான். திருப்பி அடிக்காவிட்டால் கோழை என்ற பெயர் வந்துவிடும். பெயர் கெட்டவனை மறுபடியும் தாக்குவார்கள். இந்நிலையில் அந்த இளைஞன் துப்பாக்கி தேடுவதற்கு வெறும் முரட்டுத்தனத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. சிகிச்சை பெறாத அச்சமே அவனைத் துரத்துகிறது.

குண்டடிபட்டவரின் மருத்துவமனைப் படுக்கையிலேயே தடுப்புப் பணியைத் தொடங்கும் முறை கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1994-இல் உருவானதும், பாஸ்டன் மருத்துவ மையம் 2006-இல் அதைக் கைக்கொண்டதும் இதனால்தான். வீட்டுக்கு அனுப்பும் முன்பே ஒரு பணியாளர் வந்து பேசுகிறார். தங்க வேறு இடம், உளவியல் உதவி, வேலை, நீதிமன்றத் தேதி என எல்லாவற்றையும் உடனிருந்து பார்த்துக்கொள்கிறார்.

3. எச்சரிக்கையின் வலிமையும் எல்லையும்

1996 மே மாதம் பாஸ்டனில் ‘ஆபரேஷன் சீஸ்ஃபயர்’ திட்டத்தின் முதல் கூட்டம் நடந்தது. குழு உறுப்பினர்களை நேரில் அழைத்துச் சொன்ன செய்தி எளியது: சுடுவதை நிறுத்துங்கள், ஒருவர் கொன்றால் குழு முழுவதன்மீதும் சட்டம் பாயும், விலக விரும்புவோருக்கு உதவி உண்டு. தேவாலயப் போதகர்கள் 1992-இல் அமைத்த டென்பாயிண்ட் கூட்டணி இதற்கு ஊரின் ஒப்புதலைப் பெற்றுத் தந்தது. இளையோர் கொலைகளின் மாதாந்திர எண்ணிக்கை 63 விழுக்காடு குறைந்ததாக மதிப்பீடு காட்டியது. மற்ற நகரங்களிலும் அப்போது கொலைகள் குறைந்துவந்ததால், வீழ்ச்சி முழுவதையும் இத்திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது என்று தேசிய ஆய்வு மன்றக் குழு எச்சரித்தது. அந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் 2000-இல் திட்டம் கைவிடப்பட்டதும் அடுத்த ஆண்டுகளில் இளையோர் கொலைகள் மீண்டும் ஏறின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதிலிருந்து நான் பெறும் முடிவு இது: எச்சரிக்கை விசையிலிருக்கும் விரலைத் தடுக்கும், பகையின் வேரை அது அறுப்பதில்லை. எச்சரிப்பவர் விலகியதும் பகை பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

4. இழவு வீட்டில் தொடங்கும் தடுப்பு

1993 டிசம்பரில் லூயிஸ் பிரவுன் என்ற 15 வயதுச் சிறுவன், குழு வன்முறைக்கு எதிரான இளையோர் அமைப்பின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகும் வழியில், யாரோ சிலர் சண்டையில் பறந்த குண்டுக்குப் பலியானான். தாய் கிளெமென்டினா செரி மறு ஆண்டு டார்செஸ்டரில் அவன் பெயரால் அமைதி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு முதல் சில நாட்களில் என்ன தேவை என்பதை அந்நிறுவனம் தெரிந்துவைத்திருக்கிறது: சவ அடக்கத்துக்கு யாரிடம் பேசுவது, செலவுக்கு எங்கே விண்ணப்பிப்பது, துப்பறிவாளரிடம் எதைக் கேட்பது, உயிரோடிருக்கும் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது. இவற்றுக்கெல்லாம் கையேடு உண்டு. கூடவே வர ஆள் உண்டு. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்துக்கும் அந்நிறுவனம் துணை நிற்கிறது. பலர் இதைக் கண்டு திகைப்பார்கள். எனக்கோ அதன் மிகக் கூர்மையான அறிவு இங்கேதான் தெரிகிறது. இரு குடும்பங்களும் ஒரே ஊரில் வாழ்ந்தாக வேண்டும். இரண்டு தாய்மாரையும் ஊர் தாங்கினால், பழிவாங்கச் சொல்லும் குரலுக்கு வீட்டுக்குள்ளேயே மறுப்பு கிடைக்கும்.

அரசின் நடைமுறை பல இடங்களில் இதற்கு எதிராகப் போகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம் எல்லா மாநிலங்களிலும் உண்டு. ஆனால் இறந்தவரின் நடத்தையும் கொலைக்குக் காரணம் என்று சொல்லிப் பணம் மறுக்கப் பல மாநிலச் சட்டங்கள் இடம் தருகின்றன. மகனைப் புதைக்கப் பணமில்லாத தாய்க்கு, உன் மகன் இழப்பீட்டுக்குத் தகுதியானவன் அல்லன் என்று கடிதம் வந்தால் அந்த வீட்டு இளையவன் அரசைப் பற்றி என்ன நினைப்பான்? நாடளவில் கொலை வழக்குகளில் பல துலங்காமலே போகின்றன. துலங்காத கொலை, நீதியைத் தன் கையில் எடுக்கத் தூண்டுகிறது. ஆகவே நேர்மையான புலனாய்வும் துயராற்றுதலின் ஒரு பகுதியே.

அரசு தானே இழைத்த காயங்களும் உண்டு. 1989-இல் கர்ப்பிணி மனைவியைக் கொன்ற சார்லஸ் ஸ்டூவர்ட் கறுப்பினத்தவர் ஒருவர்மீது பழிபோட, காவல்துறை மிஷன் ஹில் பகுதி இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதனையிட்டு அவமதித்தது. நகர மேயர் மிஷெல் வூ 2023 டிசம்பரில்தான் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். நம்பிக்கை முறிந்த ஊரில் சாட்சி சொல்ல யாரும் முன்வருவதில்லை.

5. மறுப்புகளும் முடிவும்

துப்பாக்கி மலிந்த நாட்டில் துயராற்றுதல் எம்மாத்திரம் என்று கேட்கலாம். துப்பாக்கி வரத்தைக் கட்டுப்படுத்துவது கட்டாயம் தேவை. பாஸ்டன் ஆய்வாளர்களும் இளையோரிடம் சிக்கிய துப்பாக்கிகள் எங்கே முதலில் விற்கப்பட்டன என்பதைத் தேடிப்போனார்கள். ஆனால் கோடிக்கணக்கான துப்பாக்கிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க, அவற்றை எடுக்கும் காரணத்தைக் குறைக்காமல் இருக்க முடியாது. இரண்டாவது மறுப்பு, இது மென்மையான வேலை, அளவிட இயலாது என்பது. சிகாகோவில் கோபம் வந்த கணத்தில் நிதானிக்க இளையோரைப் பழக்கிய ‘பிகமிங் எ மேன்’ பயிற்சியைச் சீரற்ற ஒதுக்கீட்டு முறையில் சோதித்தபோது, பயிற்சிக் காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு குறைந்தன. மனத்தைத் தொடும் பணியையும் அளக்கலாம் என்பதற்கு இது சான்று.

2024-இல் பாஸ்டனில் 24 கொலைகளே நடந்தன. 1957-க்குப் பின் இதுவே மிகக் குறைவு. பல கைகள் பல்லாண்டு உழைத்ததன் பயன் இது. ஆனால் 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசின் நீதி அமைச்சகம் சமூக வன்முறைத் தடுப்பு நிதிகள் பலவற்றைத் திடீரென ரத்துசெய்தது. சீஸ்ஃபயர் கைவிடப்பட்ட 2000-ஐ அறிந்தவர்கள் இதைக் கண்டு கவலைப்பட வேண்டும். செய்ய வேண்டியவை தெளிவானவை: மருத்துவமனைத் துணைப்பணிக்கும் இழவு வீட்டுப் பணிக்கும் காவல்துறைக்குப் போலவே ஆண்டுதோறும் நிலையான நிதி ஒதுக்க வேண்டும், இழப்பீட்டுச் சட்டத்திலுள்ள நடத்தை நிபந்தனையை நீக்க வேண்டும், தெருப்பணியாளர்களுக்கு நிரந்தர ஊதியம் தர வேண்டும். இழந்த குடும்பத்தைத் தாங்குவதற்காகச் செலவிடும் பணம், இன்னும் சுடப்படாத ஒரு பிள்ளையின் உயிருக்காகச் செலவிடும் பணம்.