ஒரு மண், இரண்டு கோப்பு: வாகனப் பணிமனைகளின் சூழல் மதிப்பீடு குறித்து

வாகனப் பணிமனை ஒன்றின் மண்ணையும் நிலத்தடி நீரையும் மதிப்பிட வருபவர் முதலில் கேட்பது, எண்ணெய்த் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆய்வு அதோடு நின்றுவிட்டால், ஊர்க் குடிநீரை இன்னும் மோசமாகக் கெடுக்கும் பொருள் தப்பிவிடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கேம்ப் லெஜூன் மரைன் படைத்தளம் இதற்குக் கண்கூடான சான்று.

அத்தளத்தின் ஹாட்நாட் பாயிண்ட் பகுதியில் எரிபொருள் கிடங்கும், வாகனங்களும் இயந்திரங்களும் பழுதுபார்க்கும் பட்டறைகளும், குடிநீர்க் கிணறுகளும் அருகருகே அமைந்திருந்தன. 1980-களின் தொடக்கத்தில், குளோரின் கலப்பதால் உண்டாகும் துணைப்பொருள்களை அளக்க அங்கிருந்து நீர் மாதிரிகள் அனுப்பப்பட்டன. வேறு குளோரின் சேர்மங்கள் அளவீட்டில் குறுக்கிடுவதை ஆய்வகங்கள் எழுதித் தெரிவித்தன. 1982 மே மாதம் குழாய் நீரில் டிரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் இருந்தது. உலோகப் பாகங்களில் ஒட்டிய கிரீஸைக் கழுவப் பயன்படும் கரைப்பான் அது. பின்னாளில் அமெரிக்கா வகுத்த குடிநீர் வரம்பு 5 மைக்ரோகிராம். குழாய் நீரில் இருந்ததோ அதைப் போல் 280 மடங்கு. 1984 ஜூலையில் ஒரு கிணற்றில், பெட்ரோலில் இருக்கும் பென்சீன் லிட்டருக்கு 380 மைக்ரோகிராம் காணப்பட்டது. அப்படியிருந்தும் 1984 நவம்பரில்தான் கிணறுகளை மூடத் தொடங்கினார்கள். எச்சரிக்கை கைக்கு வந்த பிறகும் குடும்பங்கள் அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தன என்பதை மனம் பதறாமல் எழுத முடியவில்லை.

பெட்ரோல் நீரைவிட இலேசானது. தொட்டியருகே இறக்கிய கண்காணிப்புக் கிணற்றிலிருந்து கண்ணாடி போன்ற குழாயில் நீரை மேலே தூக்கினால், அடியில் கலங்கிய நீரும் அதன்மேல் விரற்கடை உயரத்துக்கு மஞ்சள் படிந்த எண்ணெயும் தனித்தனியாகத் தெரியும். மூடியைத் திறக்கும்போதே வாடை மூக்கில் ஏறும். டிரைகுளோரோஎத்திலீனோ நீரைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. நீர்மட்டத்தில் தங்காமல் அதைத் துளைத்துக்கொண்டு இறங்கி, களிமண் படுகை தடுக்கும் இடத்தில் தேங்கும். மிதக்கும் எண்ணெயைப் பிடிக்க நீர்மட்டத்தை ஒட்டித் துளையிட்ட குழாய், பல அடி கீழே கிடக்கும் கரைப்பானைக் காட்டாது. மாதிரியோடு போகும் படிவத்தில் பெட்ரோலியச் சேர்மங்கள் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், ஆய்வகமும் அவற்றையே தேடும். அறிக்கையில் வரும் 'காணப்படவில்லை' என்ற சொல்லுக்கு, தேடியவற்றில் காணப்படவில்லை என்பது மட்டுமே பொருள்.

எரிபொருளையும் கரைப்பானையும் தனித்தனியே தேடும் இந்தப் பிளவுக்கு அமெரிக்கச் சட்டத்திலும் வேர் உண்டு. 1980-இல் வந்த 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் நச்சுக் கழிவிடங்களைத் துப்புரவாக்க வழி செய்தது, பெட்ரோலியத்தை விலக்கிவிட்டது. நிலத்தடி எரிபொருள் தொட்டிகளுக்கு 1984-இல் தனிச் சட்டப்பிரிவும், 1988-இல் விரிவான விதிகளும் வந்தன. ஆகவே ஒரே பணிமனையின் மண்ணில் எரிபொருளுக்கு ஒரு கோப்பு, கரைப்பானுக்கு ஒரு கோப்பு.

எரிபொருள் கசிவு பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்ற வாதம் வலுவானது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995-இல் வெளியிட்ட அறிக்கை, பென்சீன் கலந்த நீர் பெரும்பாலான இடங்களில் சில நூறு அடிக்குள் பரவி நின்றுவிடுகிறது என்று காட்டியது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கின்றன. இதை ஏற்கிறேன். ஆனால் தொட்டிக்குச் சொன்ன இந்த ஆறுதலைப் பணிமனை முழுவதற்கும் நீட்டுவதை ஏற்க முடியாது. பெட்ரோலைத் தின்னும் உயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜனற்ற அந்த நீரில் வேறு உயிரிகள் டிரைகுளோரோஎத்திலீனிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. அந்த வினை பாதியில் நின்றால் எஞ்சுவது வினைல் குளோரைடு: மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள். ஹாட்நாட் பாயிண்ட் நீரில் பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன் இரண்டோடு அதுவும் இருந்தது. இரு கோப்புகளாகப் பிரித்துவைத்த கழிவுகள் மண்ணுக்குள் ஒன்றின்மேல் ஒன்று வேலை செய்கின்றன. தனித்தனியாகப் படிப்பவருக்கு இந்த வினை புலப்படவே செய்யாது.

எனவே மதிப்பீடு தொட்டியின் வரைபடத்திலிருந்து அல்ல, பட்டறையில் நடந்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும். உதிரிப் பாகங்களை எந்தத் தொட்டியில் ஊறவைத்தார்கள், அழுக்கேறிய கரைப்பானை எங்கே கொட்டினார்கள், தரைச் சாக்கடை எந்தக் குழியில் போய் முடிந்தது என்பதை அங்கே வேலை செய்து ஓய்வுபெற்றவர்களிடம் கேட்க வேண்டும். கொள்முதல் பதிவேட்டில் டீசல் வரவோடு கரைப்பான் டின்களின் வரவையும் பார்க்க வேண்டும். அதன் பிறகே எங்கே, எவ்வளவு ஆழத்துக்குத் துளையிடுவது, படிவத்தில் எந்தச் சேர்மங்களைக் குறிப்பது என்று தீர்மானிக்கலாம். தொட்டியருகே நீர்மட்டத்தில் ஒரு குழாய் என்றால், கழுவுமிடத்துக்கு அருகே களிமண் படுகையின் மேல்மட்டம் வரை இன்னொரு குழாய் இறங்கியாக வேண்டும். அந்தப் படுகையைத் துளைத்துவிடாமல்.