காணும் கோடும் செல்லும் கோடும்

ஒருபுறம் ஆழ்கடலும் மறுபுறம் புத்தளக் களப்புமாக நீண்டு கிடக்கும் இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலுள்ள கண்டக்குழியிலிருந்து வடக்கே சென்று கற்பிட்டியை அடைவோர், 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டையைக் காண்பர். களப்பின் வாயிலைக் கைப்பற்றி, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் கடல் வாணிபத்தை அடக்குவதற்கென்று பவளக் கல்லும் சுண்ணக்கல்லும் கொண்டு கட்டப்பெற்ற அது, 1795-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆனால் என் மனத்தை ஈர்ப்பது அரசர்களின் கதையன்று. அக்காலக் கோட்டைகளுக்கு உயிராயிருந்த க்ஷேத்திர கணிதமே.

பழைய வட்டக் கொத்தளத்தின் முகப்படியில் பகைவன் ஒட்டி நின்றால், அடுத்த மதிலில் நிற்கும் காவலனுக்கு அவன் தென்படான். அக்குறையை நீக்கவே கொத்தளங்கள் கூரிய கோணம் பெற்றன. ஒவ்வொன்றின் முகமும் அண்டையதன் பக்கத்திலிருந்து முழுமையாகக் கண்ணுக்கும் பீரங்கிக்கும் இலக்காகுமாறு கோடுகள் இழுக்கப்பட்டன. ஐங்கோணமும் ஐந்து கொத்தளங்களும் கொண்ட யாழ்ப்பாணக் கோட்டையில் இவ்விதியைத் தெளிவாகக் காணலாம். இக்கலையைக் கணித அறிஞர் சீமோன் ஸ்தெவின் ஆராய்ந்து, 1594-இல் கோட்டைக் கலை பற்றி நூலெழுதினார். 1600-இல் ஒல்லாந்தின் லெய்டனில் தொடங்கிய பொறியியற் கல்வி, இலத்தீனை விட்டு மக்கள் மொழியிலேயே இக்கணிதத்தைப் புகட்டியது என்பது போற்றத்தக்க செய்தி.

எங்கிருந்து எது தெரியும் என்னும் அதே வினாவை, கோட்டைகளை நினையாமலே, 1973-இல் கணித அறிஞர் விக்டர் கிளீ மீண்டும் எழுப்பினார்: பல மூலைகளுள்ள மண்டபத்தை முழுதும் காண எத்தனை காவலர் வேண்டும்? மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, மிச்சத்தை விட்டால் வரும் எண்ணே போதும் என்று 1975-இல் சுவாத்தல் நிறுவினார். 1978-இல் ஃபிஸ்க் தந்த நிரூபணமோ அற்புதமான எளிமையுடையது: தளத்தை மூலைக்கு மூலை கோடிட்டு முக்கோணங்களாக வகுத்து, எந்த முக்கோணத்திலும் ஒரு வர்ணம் இருமுறை வாராதபடி மூலைகளுக்கு மூன்று வர்ணம் தீட்டி, மிகக் குறைவாக வந்த வர்ணத்தில் காவலரை நிறுத்துக. பன்னிரண்டு மூலைக்கு நால்வர் போதும்.

காணும் கோடே செல்லும் கோடாகவும் ஆயிற்று. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில், அறைகளிடையே தானே நகரும் ‘ஷேக்கி’ என்னும் யந்திரத்துக்கு வழி தேடிய நில்சன், 1969-இல், ஒன்றிலிருந்து ஒன்று தென்படும் தடை மூலைகளைக் கோடுகளால் இணைத்து, அவ்வலையிலே பாதையைத் தேடினார். இரு முளைகளுக்கிடையே இறுகக் கட்டிய கயிறு தடைகளின் மூலையிலன்றி வளையாததுபோல், சமதளத்தில் மிகக் குறுகிய பாதையும் மூலைகளிலேயே திரும்பும். யந்திரத்துக்கும் பருமன் உண்டே என்னும் இடர்ப்பாட்டை, 1979-இல் லொசானோ-பெரெஸும் வெஸ்லியும் தடைகளை அதன் உருவளவுக்குப் பெருக்கி, யந்திரத்தை ஒரு புள்ளியாகச் சுருக்கித் தீர்த்தனர்.

தளத்தை விட்டு முப்பரிமாண வெளிக்கு வந்தால் இவ்வெளிமை குலைகிறது: அங்கே பாதை மூலையில் மட்டுமன்றி, விளிம்பின் எவ்விடத்திலும் திரும்பக்கூடும். அத்தகைய வெளியில் மிகக் குறுகிய பாதையைக் காண்பது கணிப்பொறிக்கும் கடுஞ்சிக்கலான வகையைச் சேர்ந்தது என்று 1987-இல் கேனியும் ரைஃபும் நிறுவினர்.