வாசற்படிக்கு உள்ளிருந்து ஒரு குரல்

ராதாமோகன் இயக்கத்தில் ஜோதிகா நடித்த 'காற்றின் மொழி' 2018 நவம்பரில் வெளியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு இந்தியில் வித்யா பாலன் நடித்து வந்த 'துமாரி சுலு'வின் தமிழ் வடிவம் அது. கதை எளியது. வீட்டைக் கவனித்துக்கொண்டு, சின்னச் சின்னப் போட்டிகளில் பரிசு வாங்குவதில் மகிழ்ச்சி காணும் ஓர் இல்லத்தரசி, பண்பலை வானொலிக்குப் பரிசு வாங்கப் போன இடத்தில் இரவு நேர நிகழ்ச்சியின் தொகுப்பாளராகிவிடுகிறாள். ஊர் முழுதும் அவள் குரலுக்கு மயங்குகிறது. வீடு மட்டும் முகம் சுளிக்கிறது. மகனுக்குப் பள்ளியில் சிக்கல் வந்ததும் பழி அவள் தலையில் விழுகிறது. அவள் வேலையை விடுகிறாள். பிறகு திரும்பி வருகிறாள். பாட்டும் சிரிப்புமாகப் படம் முடிகிறது.

இதில் ஒரு சிறு வேடிக்கை. 'காற்றின் மொழி' என்ற தலைப்பு, இதே இயக்குநரும் இதே நடிகையும் 2007-இல் அளித்த 'மொழி' படத்துப் பாடலிலிருந்து வந்தது. அந்தப் படத்தில் நாயகி காது கேளாத, வாய் பேசாத பெண். இந்தப் படத்தில் நாயகிக்குக் குரலைத் தவிர வேறு சொத்தில்லை. திட்டமிட்டுச் செய்தார்களா என்பது நமக்கு முக்கியமில்லை. பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது.

அடுப்படியில் இருப்பவள் திடீரெனப் புகழ்பெறும் இந்த நகைச்சுவையைப் புதிய காலத்தின் கதை என்று நினைக்கிறோம். முன்பு வானொலி, இப்போது கைபேசி என்று சாதனத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறோம். ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு நூறாண்டு வயதாகிவிட்டது. அதன் முக்கியமான சில பக்கங்கள் வேலூர்ப் பக்கம் எழுதப்பட்டவை. சினிமாவில் தீராத தடையாக நிற்கும் 'வீட்டின் சம்மதம்' வரலாற்றில் எப்படி நடந்துகொண்டது என்று பார்க்கலாம் என்பதே நம் நோக்கம்.

முதலில் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-இல் காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூரில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வைத்தமாநிதி முடும்பைக் குடும்பத்துப் பார்த்தசாரதிக்கு மனைவியானார். கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் பிறந்த அதே குடும்பம். வீடு முழுக்கத் தமிழ் ஏடுகள். அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்த சிறுமி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்லுவாள். கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போவார். பார்த்ததும் கேட்டதும் மனத்தில் சேர்ந்து ஒருநாள் அவளுக்கே ஒரு நாடகம் பிறந்துவிட்டது. எழுதத்தான் கை பழகவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 'இந்திர மோகனா' என்ற அந்த நாடகம் 1924-இல் அச்சாயிற்று.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். சொல்பவள் வீட்டுக்குள் இருக்கிறாள், எழுதுபவளும் வீட்டுக்குள் இருக்கிறாள். அச்சுக்கூடம் மட்டும் வெளியே. உடம்பு வாசற்படி தாண்டாமல் சொல் மட்டும் தாண்டிப் போவதற்கு அன்றைக்கு இருந்த வழி அச்சு. பின்னால் வானொலி வந்தது, அதன் பின்னால் கைபேசி வந்தது. எல்லாவற்றிலும் வேலை ஒன்றேதான்.

முதல் நாவல் 'வைதேகி' வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மனோரஞ்சனி'யில் வந்தது. 1925-இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார் அம்மாள். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அதை நடத்தினார்; நூற்றுப்பதினைந்து நாவல்கள் எழுதினார். 'நாவல் ராணி' என்று பெயர் வாங்கினார். நல்ல குரல் அவருக்கு. காங்கிரஸ் மேடைகளில் பேசவும் பாடவும் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. 1930களில் அவர் நாவல்கள் 'ராஜமோகன்', 'அனாதைப் பெண்' என்று திரைப்படங்களாயின. நாவல்களை இன்று எடுத்துப் படித்தால் நமக்குப் பொறுமை வேண்டியிருக்கிறது என்பதை மறைப்பானேன்? தற்செயல்கள் மலிந்த கதை, நடுநடுவே நீண்ட உபதேசம். 'மணிக்கொடி'க்குப் பிந்தைய தமிழ் விமர்சனம் அவரைப் பொருட்படுத்தாததில் வியப்பில்லை. ஆனால் எழுதத் தெரியாத ஒரு பெண், எழுதப் படிக்க அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதந்தோறும் கதை சொன்னாள் என்பதைத் தரநிர்ணயத்தால் மட்டும் அளந்துவிட முடியாது.

வேலூர் இங்கேதான் வருகிறது. 1925-இல் காந்தியைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தத் தொடங்கிய அம்மாள், 1932-இல் அன்னியத் துணி மறுப்புப் போராட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அன்றைய சென்னை மாகாணத்தின் பெண் சத்தியாக்கிரகிகளுக்கு வேலூர் ஒரு தாய்வீடு போலவே ஆகியிருந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைபுகுந்த முதல் பெண்ணான ருக்மிணி லட்சுமிபதி 1930-இல் இங்கேதான் இருந்தார். 1932-இல் எஸ். அம்புஜம்மாளும் இங்கே இருந்தார். 'சோதனையின் கொடுமை' என்ற நாவலைக் கோதைநாயகி இந்தச் சிறையில் எழுதினார். வீட்டுக்குள் இருந்து எழுதியவர் வாசற்படி தாண்டியதும் கிடைத்த அறை இது என்பது கொஞ்சம் கசப்பான நகைச்சுவைதான்.

அவர் சிறையில் இருந்தபோது 'ஜகன்மோகினி' நிற்கவில்லை. கணவர் பார்த்தசாரதி நடத்தினார். 'காற்றின் மொழி' போன்ற கதையில் இந்தக் கணவரை வைக்கவே முடியாது. வைத்தால் இடைவேளைக்குப் பிறகு கதை நகராது. மனைவியின் புகழுக்கு முன்னால் குன்றிப்போகும் கணவன் நகைச்சுவைக்கு வேண்டும். வரலாற்றிலோ நாம் மீண்டும் மீண்டும் காண்பது இசைந்துபோன கணவனைத்தான்.

இன்னோர் உதாரணம். வாணி ஜெயராம் 1945 நவம்பர் 30 அன்று வேலூரில் பிறந்தவர். கலைவாணி என்பது பெற்றோர் வைத்த பெயர். வீட்டில் கர்நாடக சங்கீதம். குழந்தையின் காதோ இலங்கை வானொலியின் இந்திப் பாட்டுகளில். பாரத ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தார். மணமாகி மும்பைக்குப் போன பிறகு, இந்துஸ்தானி கற்றுக்கொள் என்று வற்புறுத்தியவர் கணவர் ஜெயராம். உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் பாடம் தொடங்கியது; வங்கி வேலை போயிற்று. 1971-இல் ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'குட்டி' வந்தது. வசந்த் தேசாய் இசையில் அதில் அவர் பாடிய பாட்டு, சிறுமியாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே வானொலி வழியாக நாடெங்கும் ஒலித்தது. அதன் பிறகு மூன்று தேசிய விருதுகள், 2023-இல் பத்மபூஷண் அறிவிப்பு, சில நாட்களில் மரணம். இவரை வீட்டோடு இருந்த தாய் என்று சொல்ல முடியாது. நம் கதைக்கு முழுக்கப் பொருந்துபவர் அல்லர். ஆனால் ஒன்று பொருந்துகிறது. இங்கும் ஒரு வீடு சரி என்றது.

பார்த்தசாரதி சரி என்றார், ஜெயராம் சரி என்றார். ஆகவே இந்த இரண்டு பெயர்களையும் நாம் அறிவோம். வீடு மறுத்த இடங்களில் எந்தப் பெயரும் மிஞ்சவில்லை. நம் கையில் இருக்கும் பெண் எழுத்தாளர், பெண் பாடகர் பட்டியல்கள் எல்லாமே ஒருவகையில் சம்மதித்த வீடுகளின் பட்டியல்கள். திறமையின் கணக்கெடுப்பு என்று நாம் அவற்றைத் தவறாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே போனால் ஆம்பூர். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பிரியாணிக்காக மட்டும் இறங்கிச் சாப்பிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாத ஒரு தொழில் அந்த வட்டாரத்து வீடுகளுக்குள் நடக்கிறது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் ஊர்களில் டேனரி வேலை பெரும்பாலும் ஆண்களுடையதாக இருந்தது. 1970களில் தோலை அரைகுறையாகப் பதனிட்டு ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, செய்பொருளாக்கி அனுப்பத் தூண்டியது. ஷூ கம்பெனிகள் பெருகின; பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். வீட்டைவிட்டுப் போக முடியாத பெண்களிடம் வேலையே வீட்டுக்கு வந்தது. காலணியின் மேற்பகுதியை அங்கே 'அப்பர்' என்பார்கள். (தேவாரம் படித்த நம் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.) ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், ஊசியும் மெழுகு நூலுமாகப் பெண்கள் கையால் தைத்துக் கொடுப்பார்கள். இவர்களைப் பற்றி 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு ஜோடிக்கு அவர்களுக்குக் கிடைத்தது பத்து ரூபாய்க்கும் குறைவு என்று பதிவு செய்தது. அந்தக் காலணிகள் ஐரோப்பியக் கடைகளில் விற்கப்படுபவை. கைத்தையல் என்ற சொல்லே அங்கே விலையைக் கூட்டும்.

'வீட்டில் சும்மா இருக்கிறேன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெண்ணின் கைவேலை கடல் கடந்து போகிறது. பெயர் தெருமுனை வரை போவதில்லை. வேலைக்கு வீடு எளிதாகச் சம்மதித்தது. வாசலைத் தாண்ட வேண்டியதில்லையே. பெயருக்கு அப்படிச் சம்மதிக்குமா?

டிக்டாக் வந்தபோது இந்தக் கேள்வி தமிழ்நாடு முழுக்க எழுந்தது. சமையலறையிலும் மொட்டைமாடியிலும் நின்று பாட்டுக்கு வாயசைத்தவர்களில் கணிசமானோர் குடும்பப் பெண்கள். சிரித்தவர்களும் ஏராளம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடைசெய்யச் சொன்னது; அதே மாதம் தடையை விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு, எல்லைப் பிரச்சினையை ஒட்டி, வேறு பல சீனச் செயலிகளோடு சேர்த்து அதை மூடியது. ஒரே இரவில் பல பெண்களின் மேடை போயிற்று. சில மாதங்களில் வேறு நிறுவனங்களின் மேடைகள் வந்தன. பழைய ரசிகர்களைத் தேடிப்பிடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கோதைநாயகிக்கு இந்தத் தொல்லை இல்லை. பத்திரிகை அவருடையதாக இருந்தது.

அம்மாள் 1960 பிப்ரவரியில் தாம்பரம் சானடோரியத்தில் காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் ஒரே மகனை இழந்திருந்தார். இறந்த பிறகு 1966-இல், அவருடைய நாவலை வைத்து கே.எஸ். கோபாலகிருஷ்ணன் 'சித்தி'யை எடுத்தார். கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்து பி. சுசீலா பாடிய தாலாட்டு ஒன்று அதில் உண்டு. பெண் நிம்மதியாகத் தூங்கக் கிடைப்பது குழந்தையாக இருக்கும் காலம் மட்டுமே, ஆகவே இப்போதே தூங்கிக்கொள் என்று தொட்டில் குழந்தையிடம் சொல்லும் பாட்டு. தமிழில் இதைவிடச் சோகமான தாலாட்டை நாம் கேட்டதில்லை.

வீட்டோடு இருக்கும் தாயின் புகழைப் பற்றி யாராவது இனி ஓர் இசை நகைச்சுவை எடுப்பதானால் ஆம்பூரில் எடுக்கட்டும். மெட்ரோ நகரத்து அடுக்குமாடி வீடு வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு மடியில் அப்பர், சுவரில் சாய்த்து வைத்த கைபேசி, தைத்தபடியே ஒரு பாட்டு. காலையில் ஏஜென்ட் வருவார். ஜோடிகளை எண்ணுவார். தையல் சரியில்லாதவற்றைத் தனியே ஒதுக்கிக் கூலியில் கழிப்பார். நேற்றிரவு அந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை இயக்குநர் முடிவு செய்துகொள்ளலாம்.