சிங்கப்பூர் தேசிய மைதானம்: 3 ஆண்டு தாமதம் ஏன்?

திருக்கடையூர், மயிலாடுதுறை எனக் காவிரி டெல்டாவிலிருந்து பலரும் வேலைக்குப் போகும் நாடு சிங்கப்பூர். சொன்ன தேதியில் வேலை முடியும் என்று பேர் வாங்கிய அங்கேயே ஒரு கால்பந்து மைதானம் இழுத்தடிச்சது. என்னாச்சு?

திட்டம்: காலாங்கில் 1973-ல் திறந்த பழைய மைதானத்துக்கு 2007-ல் விடைகொடுத்தாங்க. புதுசை தனியார் கட்டணும். அரசு 25 ஆண்டு தவணையில் பணம் தரும். இலக்கு 2011.

சிக்கல்: 2008 உலக நிதி நெருக்கடி. கடன் கிடைக்கலை, கட்டுமானச் செலவும் எகிறியது. 2010-ல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது.

முடிவு: 2014 ஜூனில் திறப்பு. 55,000 இருக்கை மைதானத்தோடு மொத்த விளையாட்டு வளாகத்துக்கும் செலவு 133 கோடி சிங்கப்பூர் டாலர். இடையில் தேசிய அணி சின்ன ஜாலான் பெசார் மைதானத்திலும் ஆடியது.

நம்ம ஊருக்கு மைதானம் அறிவிச்சா, திறப்புத் தேதியை மட்டும் பார்க்காதீங்க. பணம் யார் தர்றாங்க, கையெழுத்து ஆச்சான்னு பாருங்க.