உகுலேலேயும் ரெண்டு கப்பல்களும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. சோழிங்கநல்லூர்ல பொட்டி தட்டிட்டு, மேடவாக்கம் சிக்னல்ல தவம் கிடந்து, சேலையூர் வந்து சேர்றதுக்குள்ள ராத்திரி ஒன்பதாயிடுது. அதுக்கப்புறம் கிடைக்கிற அரைமணி நேரத்தை ஆறு மாசமா ஒரு குட்டி வாத்தியம் எடுத்துக்கிட்டிருக்கு. பேரு உகுலேலே. கடைக்காரர் "யூகலேலி" ன்னுதான் சொன்னார், நானும் வீட்டுல அப்படித்தான் சொல்றேன். கிடாருக்குக் குட்டி போட்ட மாதிரி இருக்கும், நாலே நாலு கம்பி. கம்பின்னு சொல்றது கூட தப்பு, நைலான் நரம்பு.

வாங்கி மூணாவது வாரமே ஒரு நரம்பு அறுந்து போச்சு. புதுசு வாங்கச் சோம்பல். தூண்டில் போடற நரம்பே போதும்னு எங்கேயோ படிச்சதை நம்பி, மீன்பிடி சாமான் விக்கிற கடையில ஒரு சுருள் வாங்கி மாட்டினேன். சத்தம் முன்னைவிட நல்லாவே வருது! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில நானும் பக்கத்துத் தெரு நண்பர் ரெண்டு பேரும் உக்காந்து, தெரிஞ்ச மூணு கார்டை வச்சுக்கிட்டு ராஜா பாட்டையெல்லாம் படுத்தி எடுப்போம். நாலாவது கார்டு வர்ற இடத்துல மூணு பேரும் சேர்ந்து இருமிடுவோம் :)

போன மாசம் பாட்டி கேட்டாங்க, "இது எந்த ஊரு வாத்தியம்டா?"

ஹவாய்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்து தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா கரும்பு வருது.

1875ல ஹவாய் ராஜ்ஜியம் அமெரிக்காவோட ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. ஹவாய் சர்க்கரைக்கு அமெரிக்காவுல வரி கிடையாது. அவ்வளவுதான், தீவு பூரா கரும்பு. வெட்ட ஆள் வேணுமே? வெளியிலிருந்து வந்த நோய்களால ஹவாய்க்காரங்க எண்ணிக்கை ஏற்கெனவே பாதாளத்துக்குப் போயிருந்தது. ஆள் தேடி அட்லாண்டிக்ல இருக்கற மதீரா வரைக்கும் போனாங்க. போர்ச்சுக்கல்லுக்குச் சொந்தமான அந்தத் தீவுல, 1872ல வந்த ஒரு பூச்சி திராட்சைத் தோட்டங்களைத் தின்னு தீர்த்திருந்தது. ஜனங்க எங்கே வேணா போகத் தயார். 'ரேவன்ஸ்கிராக்'னு ஒரு கப்பல், நானூறு பேருக்கு மேல ஏத்திக்கிட்டு, தென்னமெரிக்காவைச் சுத்திக்கிட்டு நாலு மாசம் கடல்ல கிடந்து, 1879 ஆகஸ்ட்ல ஹொனலூலு வந்து சேர்ந்தது.

அந்தக் கப்பல்ல வந்ததுதான் 'மஷேட்'ங்கற நாலு நரம்புக் குட்டி கிடார். வந்தவங்க தெருவுல ராத்திரி ராத்திரி வாசிச்சு ஜனங்களைச் சந்தோஷப்படுத்தறாங்கன்னு ரெண்டே வாரத்துல உள்ளூர்ப் பத்திரிகையில சேதி வந்துடுச்சு. அதே கப்பல்ல மானுவல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோஸே தோ எஸ்பிரித்தோ சாந்தோன்னு மூணு தச்சர்கள் இருந்தாங்க. நாற்காலி, அலமாரி செய்யற ஆளுங்க. ஒப்பந்தக் கூலியா வந்தவங்க, சீக்கிரமே ஹொனலூலுவுல பட்டறை போட்டு, கோவாங்கற உள்ளூர் மரத்துல மஷேட் மாதிரியே செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. உடம்பு மஷேட்டோடது. சுருதி கூட்டற முறை மட்டும் அவங்க கொண்டு வந்த இன்னொரு வாத்தியமான 'ரஜாவ்'லேர்ந்து எடுத்தது. அதனாலதான் உகுலேலேயில மேலே இருக்கற நரம்பு தடி நரம்பா இல்லாம மெலிசா, உச்சத்துல கத்துது. கிடார் தெரிஞ்சவங்க முதல்ல கையில எடுத்தா திருதிருன்னு முழிக்கறது இதனாலதான்.

உகுலேலேன்னா ஹவாய் மொழியில துள்ளுற தெள்ளுப்பூச்சி. வாசிக்கிறவன் விரல் அப்படித் துள்ளுச்சாம். பேருக்குக் காரணம் சொல்ல இன்னும் ரெண்டு மூணு கதை இருக்கு, எனக்குப் பிடிச்சது இதுதான்.

வெளியூர்க்காரன் சாமான் எப்படி உள்ளூர் அடையாளமா மாறுச்சு? ராஜா கலாகவாவுக்குப் பிடிச்சிருந்தது. தன்னோட ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாட்டத்துல, 1886ல, ஹுலா நடனத்தோட இதையும் மேடை ஏத்தினார். ராஜா தொட்டா பொன்னாச்சே. 1915ல சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா பூரா பரவிடுச்சு.

இதே கலாகவா 1881ல உலகம் சுத்தக் கிளம்பினார். கூடவே போன அமைச்சர் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் குடியேற்ற ஆணையர்னு பதவி. அதாவது தோட்டத்துக்கு ஆள் பார்க்கறது. ராஜாவும் அமைச்சரும் கல்கத்தா, பம்பாய் எல்லாம் வந்து போயிருக்காங்க! இங்கே பேச்சு படிஞ்சிருந்தா நம்ம ஆளுங்களும் ஹொனலூலுவுல உகுலேலே வாசிச்சிருப்பாங்களோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. கடைசியில ஹவாய்க்கு 1885லேர்ந்து ஜப்பான்காரங்க கூட்டம் கூட்டமா போனாங்க.

இதையெல்லாம் பாட்டிகிட்ட சினிமாக் கதை மாதிரி சொல்லிக்கிட்டிருந்தேன். வெத்தலை மடிச்சுக்கிட்டே கேட்டவங்க சட்டுனு நிறுத்தி, "எங்க தாத்தாவோட தம்பி கூட கரும்புத் தோட்டத்துக்குத்தான் போனாரு. பிஜித் தீவு" ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், ஒருத்தரும் சொன்னதில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். சந்தைக்குப் போனவரை ஆள்பிடிக்கிறவன் பேசி மயக்கி மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டானாம். ரெண்டு காயிதம் வந்துச்சாம். அதோட சரி.

திரும்பவும் தோண்டினேன். பிஜிக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏத்திட்டுப் போன 'லியோனிடாஸ்' கல்கத்தாவிலேர்ந்து கிளம்பி அங்கே சேர்ந்தது 1879 மே 14. ரேவன்ஸ்கிராக் வர்றதுக்கு மூணே மாசம் முன்னாடி! அதே வருஷம், அதே பசிபிக், அதே சர்க்கரை. கப்பல்ல காலராவும் அம்மையும் இருந்ததால இறங்கினவுடனே எல்லாரையும் தனியா அடைச்சு வச்சாங்க. மெட்ராஸ்லேர்ந்து ஆள் ஏத்தினது 1903லேர்ந்து. அதுல வட ஆற்காட்டுக்காரங்க நிறைய. 1916 வரைக்கும் மொத்தம் அறுபதாயிரம் பேருக்கு மேல போயிருக்காங்க, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மெட்ராஸ் வழி. அக்ரிமென்ட்ங்கற வார்த்தை அவங்க வாயில 'கிர்மிட்' ஆச்சு. அஞ்சு வருஷம் கூலி வேலை, இலவசமா ஊர் திரும்பணும்னா மேலும் அஞ்சு வருஷம் அங்கேயே கிடக்கணும். நூறு ஆணுக்கு நாப்பது பொம்பளைங்கங்கறது கப்பல் கணக்கு. பாரதி அந்தப் பெண்களைப் பத்தித்தான் பிஜி கரும்புத் தோட்டப் பாட்டை எழுதினார்.

கஷ்டத்துலதான் இசை பிறக்கும்னு சிலர் அழகா எழுதுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நம்ம ஆளுங்களும் வெறுங்கையோட போகலை. தெருக்கூத்தைக் கொண்டு போனாங்க, மாரியம்மனைக் கொண்டு போனாங்க. சுவா நகரத்துல இன்னைக்கும் வருஷா வருஷம் தீமிதி நடக்குது. ஆனா அங்கே பட்டறை போட வழியும் இல்லை, மேடை ஏத்த ஒரு ராஜாவும் இல்லை. மதீராக்காரங்க ஐரோப்பியர்ங்கறதால குடும்பத்தோட வர விட்டாங்க, பல பேர் மேஸ்திரி வேலைக்கு உயர்ந்தாங்க. ஒரு வாத்தியம் ஊர் பேர் எடுக்கறதுக்கு வாசிப்பு மட்டும் போதாது போல.

கிர்மிட்டுல போனவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதியிருக்காங்க. பேர், அப்பா பேர், வயசு, உயரம், தாலுகா, கிராமம், உடம்புல இருக்கற அடையாளம் எல்லாம் அதுல உண்டு. சுவாவுல பிஜி தேசிய ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. இப்ப என்னோட அரைமணி நேரம் அதுக்குத்தான் போகுது. பாட்டியை உக்கார வச்சு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கிட்டிருக்கேன். அவர் பேர் கிடைச்சாச்சு, அவங்க அப்பா பேரும் கிடைச்சாச்சு. கிராமத்துப் பேரை மட்டும் அன்னைக்கு இருந்த வெள்ளைக்கார குமாஸ்தா காதுல எப்படி விழுந்திருக்கும்னு, ஏழெட்டு விதமா இங்கிலீஷ்ல எழுதிப் பார்த்துக்கிட்டிருக்கோம்.

"இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்னு எங்கம்மா சொல்லும், அதையும் எழுதிக்கோ" ன்னாங்க பாட்டி நேத்து. எழுதிக்கிட்டேன்.