நிரைநிலைப் பாதுகாப்பு

நிரைநிலைப் பாதுகாப்பு என்பது, அட்டவணையில் ஒவ்வொரு பயனரும் தமக்குரிய நிரைகளை மட்டுமே காணவும் மாற்றவும் இயலுமாறு தரவுத்தளமே கட்டுப்படுத்தும் அணுகல் முறை. எஸ்.க்யூ.எல். மொழியின் கிராண்ட் கட்டளை அட்டவணை, நிரல் அளவில் உரிமை வழங்கும்; நிரைகளைப் பிரிக்க, வினவலால் வரையறுக்கப்படும் மெய்நிகர் அட்டவணைகளான வியூக்கள் பயன்பட்டன. பயனரின் வினவலில் கட்டுப்பாட்டு நிபந்தனையைத் தானாகச் சேர்க்கும் முறையை மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1974இல் முன்வைத்தனர். ஆரக்கிள் 8ஐ (1999), போஸ்ட்கிரஸ் 9.5 (2016), எஸ்.க்யூ.எல். சர்வர் 2016 ஆகிய தரவுத்தளங்கள் நிரைநிலைப் பாதுகாப்பை உள்ளமைந்த வசதியாகத் தந்தன.

போஸ்ட்கிரஸில் இவ்வசதியை இயக்கியபின், எந்த நிரைகளை அணுகலாம் எனக் கூறும் கொள்கை எதுவும் வரையறுக்கப்படாவிட்டால் சாதாரணப் பயனருக்கு ஒரு நிரையும் தெரியாது. பாதுகாப்பான இயல்புநிலை இதுவே. இருக்கும் நிரைகளைக் காண்பதற்கும் புதியவற்றை எழுதுவதற்கும் தனித்தனி நிபந்தனைகள் இடலாம். எல்லா உரிமைகளும் கொண்ட சூப்பர்யூசருக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது. அட்டவணை உரிமையாளரும் இயல்பாக விலக்குப் பெறுவார். அவரையும் கட்டுப்படுத்தத் தனிக் கட்டளை உண்டு. உரிமையாளர் கணக்கிலேயே செயலியை இணைத்துச் சோதிப்போர், கொள்கை வேலை செய்யவில்லை எனக் கருதுவது இவ்விலக்கினாலேயே. எல்லாப் பயனர்களும் ஒரே கணக்கு வழியாக இணையும் இணையச் செயலிகளில், பயனர் அடையாளம் அமர்வு மாறி மூலம் கொள்கைக்குத் தரப்படுகிறது. தனித்துவச் சாவி, அயற்சாவிச் சோதனைகள் கொள்கையைக் கடந்தே நடைபெறுவதால், மறைந்துள்ள மதிப்பு ஒன்று இருப்பதைப் பிழைச்செய்தி வெளிப்படுத்தக்கூடும்.