கூண்டு ஏறாத மலை

புயல்னா நமக்குக் கடற்கரைதான் ஞாபகம் வரும். அதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1864ல் ஒரு புயல் கல்கத்தாவை அழித்தது. மறுவருடமே அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. வானிலைத் துறை பிறந்ததே அதற்குப் பிறகு, 1875ல்தான். 1898ல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரி குறியீடுகள். இன்றும் செய்தியில் வரும் ‘மூன்றாம் எண் கூண்டு’ கப்பல்காரனுக்குச் சொன்னது. சோளக்காட்டில் வாழைத்தார் இறக்குகிறவருக்கு அதில் என்ன இருக்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. ‘புயல்’ என்ற பட்டம் போன பிறகுதான் உள்மாவட்டங்களில் அதன் வேலை ஆரம்பித்தது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை! ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கொல்லிமலைக்கு இது பக்கத்து வீட்டுச் சேதி.

காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் மண் விழுந்தாலும் சந்தைச் சரக்கு இறங்காது, ஆம்புலன்ஸ் ஏறாது. போதாததற்கு நவம்பர், டிசம்பர் காபிப் பழம் பறிக்கிற காலம். களத்தில் காய்வதை நனைய விட்டால் பூசணம். ஆக, இங்கே முன்னேற்பாடு என்பது களத்துக் காபியை உள்ளே அள்ளுவது, சாலையோர வடிகாலில் சருகை வாருவது, பிரசவத்துக்கு நாள் நெருங்கியவரை மழைக்கு முன்பே கீழே அனுப்புவது. இதற்கெல்லாம் எந்த எண் கூண்டும் கிடையாது.